12,000 பாலங்களை எண்ணியது யார்?

மார்க்கோ போலோ என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது காயல்பட்டினம். மாபார் அரசர்கள், முத்துக்குளிப்பு, கப்பலில் வந்திறங்கும் குதிரைகள், வெற்றிலை. தமிழில் போலோவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தச் சில பக்கங்களைத்தான் சுற்றிவருகின்றன. அதில் தப்பில்லை, நம்ம ஊர் பற்றி எழுதியதை நாம்தானே முதலில் படிப்போம். ஆனால் அவருடைய புத்தகத்தின் உச்சம் அங்கே இல்லை. 'கின்சாய்' என்ற நகரத்தைப் பற்றிய அத்தியாயங்களில் இருக்கிறது. இன்றைய சீனாவின் ஹாங்சோ.

ஒரு வெளியூர்க்காரன் முன்பின் தெரியாத பெருநகரம் ஒன்றில் போய் நின்று வாய்பிளந்ததைப் பற்றி எழுதப்பட்டவற்றில், இதைவிடப் புகழ்பெற்ற பக்கங்கள் ரொம்ப இல்லை. அதனாலேயே இதை ஒரு பயண எழுத்தாக எடுத்துக்கொண்டு, எது எங்கிருந்து வந்தது என்று வரிவரியாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் பயன்படுத்துவது ஹென்றி யூல் 1871-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. பழசுதான். ஆனால் எந்த வரி எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டும் ஒழுக்கம் அதில் இருக்கிறது.

முதலில் எண்கள்

கின்சாயின் சுற்றளவு 100 மைல். அதில் 12,000 கல் பாலங்கள். 12 கைவினைச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் 12,000 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது 12 வேலையாட்கள், சிலவற்றில் 20, சிலவற்றில் 40. மொத்தமாக நகரத்தில் 16 லட்சம் வீடுகள்.

இதைப் படித்ததும் யாருக்கும் வரும் முதல் எண்ணம், 'மனுஷன் அளந்து விடுறாரு' என்பதுதான். அவருடைய சொந்த ஊரான வெனிஸின் அன்றைய மக்கள்தொகை சுமார் 1 லட்சம். கின்சாயில் வீடே 16 லட்சம் என்கிறார். அன்றைய ஹாங்சோவில் 10 லட்சம் பேர் அல்லது அதற்குச் சற்று மேல் இருந்திருப்பார்கள் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. பாலங்களும் சில நூறுதான். வெனிஸ்காரர்கள் அவருக்கு 'இல் மிலியோனே' என்று பட்டப்பெயர் வைத்ததற்கு இந்த மில்லியன் கணக்குதான் காரணம் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு.

100 மைலுக்கு ஒரு சமாதானம் சொல்கிறார்கள். சீன அளவான 'லீ' சுமார் அரை கிலோமீட்டர். யாரோ 100 லீ என்று சொன்னதை இவர் 100 மைலாக எழுதிவிட்டார் என்று. எங்க தொழிலில் இதை யூனிட் பிழை என்போம். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று போனதே இப்படிப்பட்ட குழப்பத்தில்தான். சரி, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 12,000-ஐ என்ன செய்வது? அது யூனிட் பிழை இல்லை. 12 சங்கம், 12,000 வீடு, 12 ஆள், 12,000 பாலம். இது அளந்து எழுதிய தரவு மாதிரியே இல்லை. பெருக்கிப் பார்த்தால் குறைந்தபட்சம் 17,28,000 வேலையாட்கள் வருகிறார்கள். இவ்வளவு அழகான எண்கள் வயலில் விளையாது.

விஷயம் என்னவென்றால், இவை போலோவின் எண்களே இல்லை. அதை அவரே சொல்கிறார். அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறார். நாம்தான் எண்களைப் பார்த்த வேகத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு அரசியின் மனு

மங்கோலியத் தளபதி பயான், தெற்கு சோங் அரசின் தலைநகரான ஹாங்சோவை நெருங்குகிறார். 1276. அப்போது நாட்டின் அரசி பயானுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள், அதைப் பேரரசர் குப்ளாய் கானுக்கு அனுப்பிவைக்கச் சொன்னாள் என்கிறார் போலோ. நோக்கம் என்ன? இந்த நகரம் எவ்வளவு மகத்தானது என்று கான் தெரிந்துகொண்டால், அதை அழிக்காமல் விடுவார் என்று. அந்தக் கடிதத்தில் இருந்ததைத்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போலோ 100 மைலையும் 12,000 பாலங்களையும் அடுக்குகிறார்.

இந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டு மேலே உள்ள எண்களை மறுபடியும் படித்துப் பாருங்கள். அது சுற்றுலாப் பயணியின் பிரமிப்பு இல்லை. உயிர்ப்பிச்சை கேட்கும் மனு. 'எங்க ஊர்ல பன்னிரண்டாயிரம் பாலம் இருக்கு, இடிச்சிடாதீங்க.' இப்படிப் படித்தால் 12, 12,000, 12 என்று அடுக்கிய மிகைக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. வாசலில் படை நிற்கும்போது யாரும் பாலத்தை எண்ணிச் சரிபார்த்து எழுத மாட்டார்கள்.

வரலாற்றிலும் சோங் பேரரசர் அப்போது சிறுவன். அவனுக்காக ஆட்சியை நடத்திய முதிய அரசமாதா ஷியே 1276-இல் சரணடைந்தார். நகரம் கொள்ளையும் படுகொலையும் இல்லாமல் கைமாறியது. மங்கோலியர் நுழைந்த பல நகரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

என் விமர்சனம் இங்கே தொடங்குகிறது. போலோ பொய் சொன்னார் என்பதல்ல அது. மூலத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே 'இதெல்லாம் உண்மை, பின்னால் நானே கண்ணால் பார்த்தேன்' என்று முத்திரை குத்துகிறார். 12,000 பாலங்களை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அந்த ஒரு வரியால் அரசியின் மனு பயணியின் அனுபவமாக மாறிவிடுகிறது. பயம் வியப்பாகிவிடுகிறது. புத்தகத்தை 1298-இல் ஜெனோவா சிறையில் போலோ சொல்லச்சொல்ல எழுதியவர் ருஸ்திக்கெல்லோ, ஆர்தர் மன்னர் கதைகள் எழுதிப் பழகிய கை. இந்த முத்திரை யாருடையது என்று பிரிப்பது கஷ்டம். விளைவு ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை சொன்ன எண்

போலோ எண்களை எப்போதும் இப்படித்தான் கையாள்கிறார் என்று நினைத்தால் அதுவும் தவறு. அதே நகரத்தில் ஒரு நாளைக்கு ஆகும் மிளகு எவ்வளவு என்று எழுதுகிறார்: 43 பொதி, ஒரு பொதி 223 பவுண்டு. யார் சொன்னது என்றும் எழுதுகிறார், கானின் சுங்க அலுவலர் ஒருவர். 43, 223 போன்ற எண்களைக் கற்பனையில் யாரும் உருவாக்குவதில்லை, அவை பேரேட்டில் மட்டுமே கிடைக்கும். பெருக்கினால் 9,589 பவுண்டு. எந்தப் பவுண்டு என்பதைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 4.5 டன். 10 லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3 முதல் 4.5 கிராம். நம்ம மிளகு ரசத்துக்கே இது கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் கைக்கு எட்டாத எண் இல்லை.

வரிக் கணக்கும் அப்படியே. உப்பு வரி 80 தோமன் பொன், ஒரு தோமன் 70,000 சாஜி, ஆக 56 லட்சம் சாஜி. மற்ற வரிகள் 210 தோமன், ஆக 1 கோடியே 47 லட்சம் சாஜி. பெருக்கல் இரண்டிலும் சரியாக வருகிறது. வணிகக் குடும்பத்துப் பிள்ளை, காசு விஷயத்தில் காது கூர்மை.

ஆக ஒரே அத்தியாயத்தில் இரண்டு வகை எண்கள். ஒன்று ஜெயித்தவனின் அலுவலகத்திலிருந்து வந்தது, இன்னொன்று தோற்றவளின் மனுவிலிருந்து வந்தது. வாசகர்கள் எழுநூறு வருஷமாக இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'உண்மையா பொய்யா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1995-இல் பிரான்சிஸ் வுட், 'மார்க்கோ போலோ சீனாவுக்குப் போனாரா?' என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு மறுப்பும் நிறைய வந்தது. 2013-இல் ஹான்ஸ் உல்ரிஷ் ஃபோகல் என்ற சீனவியலாளர் பணம், உப்பு, வரி ஆகிய மூன்றையும் வைத்தே போலோவுக்கு ஆதரவாக விரிவாக வாதாடியிருக்கிறார். போனாரா இல்லையா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அது முடிந்த பிறகும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: போனவர் யார் வாயால் நகரத்தைக் கேட்டார்?

பெயரிலும் அதே கதை

கின்சாய் என்றால் 'சொர்க்க நகரம்' என்று பொருள் சொல்கிறார் போலோ. பக்கத்து நகரமான சூஜூவுக்கு 'பூமி நகரம்'. இரண்டுமே சரியில்லை. மேலே சொர்க்கம், கீழே சூஜூவும் ஹாங்சோவும் என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அது காதில் விழுந்து, பாதி புரிந்து, பெயர் விளக்கமாகிவிட்டது.

உண்மையில் அந்தப் பெயர் 'ஷிங்ஸாய்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பேரரசர் வழியில் தங்கியிருக்கும் இடம், தற்காலிக முகாம் என்று அர்த்தம். சோங் அரசின் பழைய தலைநகரம் வடக்கே கைஃபெங். 1127-இல் அதை ஜுர்சென்களிடம் இழந்து, அரசவை தெற்கே ஓடிவந்து, 1138-இல் ஹாங்சோவில் நிலைகொண்டது. நிலைகொண்ட பிறகும் 'இது தற்காலிகம்தான், நம்ம ஊர் வடக்கே இருக்கு, ஒருநாள் திரும்புவோம்' என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஊர் போன வலியை ஊர்ப்பெயராக வைத்து ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் காதில் அது சொர்க்கம் என்று விழுந்தது.

இடிந்த அந்தப்புரம்

இதுவரை படித்தால் நான் போலோவைக் குறை சொல்லிக்கொண்டே போவது போலத் தெரியும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அடுத்து வரும் பகுதியால்தான்.

1559-இல் வெனிஸில் அச்சான ரமுசியோவின் பதிப்பில் மற்றப் பழைய பிரதிகளில் இல்லாத பக்கங்கள் பல உண்டு. இட்டுக்கட்டியது என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். 1932-இல் ஸ்பெயினின் தொலேதோ தேவாலய நூலகத்தில் ஒரு லத்தீன் கைப்பிரதி கிடைத்து, ரமுசியோவில் மட்டுமே இருந்த பல பகுதிகளுக்குப் பழைய ஆதாரம் உண்டு என்று காட்டிய பிறகு அந்தச் சந்தேகம் தணிந்தது.

ரமுசியோவின் அந்தப் பக்கங்களில் கின்சாய் வணிகர் ஒருவர் வருகிறார். பெரும் பணக்காரர், வயதானவர், வீழ்ந்த அரசருக்கு நெருக்கமாக இருந்தவர். அவர் போலோவைப் பழைய அரண்மனைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். முன்பக்க மண்டபங்கள் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் கானின் ஆளுநர் அங்கே வசிக்கிறார். உள்ளே பெண்கள் வாழ்ந்த அறைகள் இடிந்து தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தோட்டத்துக்கும் வனத்துக்கும் இருந்த மதில் விழுந்துவிட்டது. மரமும் இல்லை, விலங்கும் இல்லை. இடிபாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு பெரியவர் இங்கே விருந்து எப்படி நடக்கும், அரசர் எப்படிப் பொழுது போக்குவார், கடைசியில் அந்தச் சுகபோகத்தாலேயே நாடு எப்படிப் போனது என்று சொல்கிறார்.

அதே பகுதியில் இன்னொரு வரி. இந்த ஊர் மக்களுக்குக் கானின் படைவீரர்களைக் கண்டாலே பிடிக்காது, தங்கள் சொந்த அரசர்களை இழந்தது இவர்களால்தான் என்று நினைக்கிறார்கள் என்கிறார். பாலங்களில் பத்துப் பத்துக் காவலர்கள், இரவில் குறித்த நேரத்துக்கு மேல் விளக்கு எரிந்தால் கதவில் அடையாளம், கலகம் வருகிறதா என்று கண்காணிப்பு. எல்லாம் எழுதியிருக்கிறார். எழுதியவர் யார்? கானிடம் வேலை பார்த்தவர். ஜெயித்த அணியின் ஆள். அவரிடம் போய் ஒரு பெரியவர் இடிந்த அந்தப்புரத்தைக் காட்டியிருக்கிறார். இவரும் அதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார். 12,000 பாலங்களைவிட இந்த ஒரு நடைதான் எனக்குப் பெரிய பயணமாகத் தெரிகிறது.

அடுத்து வந்த இரண்டு பேர்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு பயணிகள் இருக்கிறார்கள். 1320-களில் போன இத்தாலியத் துறவி ஓதோரிக் அதே 100 மைல், அதே 12,000 பாலம், அதே 'சொர்க்க நகரம்' என்கிறார். அரை நூற்றாண்டில் அரசியின் மனு ஊர்ச் சுற்றிக்காட்டிகளின் வாய்ப்பாடு ஆகிவிட்டது போல. நம்பமாட்டீர்கள் என்று தெரிந்து, இந்த ஊருக்குப் போய்வந்த பலரை வெனிஸில் பார்த்தேன், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன் என்று சாட்சியும் சேர்க்கிறார். பத்துப் பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற தர்க்கம். பத்துப் பேரும் ஒரே இடத்தில் கேட்டிருந்தால்?

1340-களில் போனதாகச் சொல்லும் இப்னு பதூதா வேறு ரகம். அவர் உண்மையில் சீனாவில் எவ்வளவு தூரம் போனார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவருடைய ஹாங்சோவில் பாலக் கணக்கே கிடையாது. எகிப்திய வணிகக் குடும்பம் ஒன்றில் தங்குகிறார், காஜியைப் பார்க்கிறார், படகில் பாரசீகப் பாட்டுக் கேட்கிறார். சீனா எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை, வெளியே போனால் மனசுக்கு ஒவ்வாததே கண்ணில் பட்டது, அவசியம் இருந்தால் தவிர வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை, முஸ்லிம் ஒருவரைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது என்கிறார். குறுகிய மனம் என்று இதைத் திட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அன்னிய ஊரில் தனியாக இருந்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். போலோவிடம் இல்லாத ஒரு நேர்மை இதில் இருக்கிறது: இது என் கண், என் ஒவ்வாமை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். குறை என்னவென்றால், ஊர்க்காரர் யாரும் அவரை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. இவரும் போகவில்லை.

உள்ளூர்க்காரரின் புத்தகம்

போலோ சீனாவில் இருந்த அதே காலத்தில் ஹாங்சோவில் ஒருவர் அந்த நகரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். சோவ் மி. 1232-இல் பிறந்த கவிஞர். மங்கோலியப் படையெடுப்பில் ஹூஜூவில் இருந்த குடும்ப வீட்டை இழந்து ஹாங்சோவுக்கு வந்து தங்கியவர். புத்தகத்தின் பெயர் 'வூலினின் பழைய செய்திகள்' என்று பொருள்படும். வூலின் என்பது ஹாங்சோவின் இன்னொரு பெயர். அதில் திருவிழாக்கள், பண்டங்கள், மதுவகைகள், கூத்துக்காரர்களின் பெயர்கள் எல்லாம் பட்டியல் பட்டியலாக. நாடகத் தலைப்புகள் மட்டும் 280.

போலோவும் பட்டியல் போடுகிறார், சோவ் மியும் பட்டியல் போடுகிறார். போலோவின் பட்டியல் 'எவ்வளவு இருக்கிறது பாருங்கள்' என்கிறது. சோவ் மியின் பட்டியல், மறந்துபோவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் போட்டது. ஒருவர் நிகழ்காலத்தில் எழுதும் நகரம் இன்னொருவருக்கு ஏற்கெனவே இறந்தகாலம். இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்துகூடப் போயிருக்கலாம்.

இதில் நம்ம ஆட்களும் உண்டு. போலோ ஊர் திரும்பக் கப்பலேறிய, இப்னு பதூதா வந்திறங்கிய ஜைத்தூன் துறைமுகம் இன்றைய சுவான்ஜோ. அங்கே 1281-இல் ஒரு சிவன் கோயிலுக்காக, மங்கோலிய கானின் திருமேனி நலன் வேண்டி வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இரண்டு பயணிகளும் அந்தக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கே போய் வாழ்ந்து கோயில் கட்டிய தமிழர்களும் அந்த ஊர் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. சாமிக்கும் அரசனுக்கும் கல் இருக்கிறது, ஊருக்கு இல்லை.

இன்றைக்கு இது எதற்கு?

வெளிநாட்டு நகரங்களைப் பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதுகிறார்கள், காணொளியும் போடுகிறார்கள். தெரு சுத்தம், யாரும் ஹாரன் அடிப்பதில்லை, மெட்ரோ நேரத்துக்கு வருகிறது, காபி விலை இவ்வளவு. தப்பாக எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலும் 12,000 பாலம் வகை. சுற்றிக்காட்டி சொன்னது, வலைத்தளத்தில் இருந்தது, முன்னால் போனவர் சொன்னது, கடைசியில் 'நானே பார்த்தேன்' என்ற முத்திரை.

இதைப் படித்த பிறகு பயணக் கட்டுரை எதை எடுத்தாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம். இந்த விவரத்தை எழுதியவருக்குச் சொன்னது யார், அப்படிச் சொன்னதில் அவருக்கு என்ன வேண்டியிருந்தது? இந்த ஊர் எதை இழந்துவிட்டு இப்படி இருக்கிறது என்று எழுதியவர் யாரிடமாவது கேட்டாரா? இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கும் கட்டுரைகள் ரொம்பக் குறைவு. அதற்கு மொழி வேண்டும், நாள் வேண்டும், அதைவிட முக்கியமாக ஒரு ஊர்க்காரர் நம்மை நம்பிக் கூட்டிப்போக வேண்டும். மூணு நாள் பேக்கேஜில் அது கிடைக்காது.

போலோவுக்கு அது ஒருமுறை கிடைத்தது. அவருடைய கின்சாயைப் படிக்க நினைப்பவர்கள் பாலங்களைத் தாண்டி, யூல் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் அந்த அரண்மனைப் பக்கங்கள் வரை போய்ப் படியுங்கள்.